சதுப்பிலிருந்து அருங்காட்சியகத்திற்கு: அயல்மண்ணில் வீழ்ந்த போர் விமானங்களும் உரிமைப் பூசல்களும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போரில் அயல்நாட்டு மண்ணிலும் நீரிலும் வீழ்ந்த விமானங்கள் பல, போர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னர் மதிப்புமிக்க பொருள்களாயின. அவற்றை மீட்பதற்கு உரிமையுடையவர் யாவர், மீட்டவற்றைப் பேணும் முறை யாது என்னும் வினாக்கள் அரசுகளையும் அருங்காட்சியகங்களையும் நிலவுடைமைக் குடிகளையும் தனியார் மீட்பாளர்களையும் எதிரெதிராக நிறுத்தின. பப்புவா நியூ கினியில் கிடந்த பி-17இ வகைக் குண்டுவீச்சு விமானம், எகிப்தியப் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட கிட்டிஹாக் விமானம் ஆகிய இரண்டையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு அப்பூசல்களின் தன்மையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இரண்டாம் உலகப் போர், விமானச் சிதைவு, பண்பாட்டுச் சொத்து, வழக்காற்று நிலவுடைமை, ஏற்றுமதி உரிமம், பேணுதல், பப்புவா நியூ கினி, எகிப்து

முன்னுரை

போர்க்களத்தில் கைவிடப்பட்ட படைக்கலம் முதலில் கழிவாகிறது, பின்னர் உலோகமாகிறது, நெடுங்காலம் கழித்தே வரலாற்றுச் சான்றாகிறது. பசிபிக் தீவுகளில் 1945க்குப் பின் கிடந்த விமானங்களின் கதை இவ்வரிசையில்தான் நிகழ்ந்தது. போர் முடிந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை பழைய உலோக வணிகர்களால் உருக்கப்பட்டன. எஞ்சிய அலுமினியத் தகடுகள் சிற்றூர்களில் கூரையாகவும் அடுப்படிக் கலமாகவும் சீப்பாகவும் மாறின. எளிதில் அணுகக்கூடிய இடங்களில் இருந்தவை அழிந்தன. அணுக இயலாத காட்டிலும் சதுப்பிலும் பனியிலும் பாலையிலும் வீழ்ந்தவையே தப்பின. ஆகவே இன்று எஞ்சியிருக்கும் சிதைவுகளைக் காத்தது சட்டமோ பண்பாட்டுணர்வோ அன்று, தொலைவே காத்தது. அத்தொலைவை ஹெலிகாப்டரும் செயற்கைக்கோள் படமும் இல்லாமற் செய்தபோது பூசல்கள் தோன்றின.

இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படும் விமானங்கள் 1942ஆம் ஆண்டின் பிப்ரவரி முதல் ஜூலை வரையிலான சில மாதங்களுக்குள் வீழ்ந்தவை. அவற்றுள் இரண்டு, ஒன்று கரேலிய ஏரியிலும் மற்றொன்று எகிப்தியப் பாலையிலுமாக, மூன்று நாள் இடைவெளியில் வீழ்ந்தன. இது தற்செயலே. எனினும் ஒரே காலத்தில் வீழ்ந்தவை எத்துணை வேறுபட்ட முடிவுகளை எய்தின என்பதை ஒப்பிட இது துணைபுரிகிறது.

அகைம்போச் சதுப்பில் வீழ்ந்த விமானம்

1942 ஜனவரி 23 அன்று நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரபால் துறைமுகத்தை ஜப்பானியப் படை கைப்பற்றியது. ஒரு மாதம் கழித்து, ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரிலிருந்து அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் அத்துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்டன. திட்டமிட்டவற்றுள் சில கிளம்பவே இயலாமற் போயின. கிளம்பியவற்றுள் ஒன்று 41-2446 என்னும் வரிசை எண் கொண்ட பி-17இ. அதனைச் செலுத்தியவர் பிரெட் ஈட்டன். அவ்விமானம் 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குச் சின்னாட்களுக்குப் பின், ஹவாய்க்கு வந்து கடற்காவற் பணியில் ஈடுபட்டிருந்தது.

பிப்ரவரி 23 அன்று ரபால் வானில் முதற்சுற்றில் குண்டறையின் பொறி இயங்கவில்லை. ஈட்டன் மறுசுற்று வந்து குண்டுகளை வீசினார். தரையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு ஒன்று வலச்சிறகைத் துளைத்து, வெடிக்காமலேயே வெளியேறியது. தொடர்ந்து ஜப்பானியச் சண்டை விமானங்களுடன் மோதல் நிகழ்ந்தது. எரிபொருள் குறைந்தமையால், ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைக் கடந்து போர்ட் மோர்ஸ்பியை அடைய இயலாது என்பது தெளிவாயிற்று. கீழே புல்வெளி போலத் தோன்றிய பரப்பில் சக்கரங்களை இறக்காமலேயே விமானத்தை இறக்கினர். அது புல்வெளியன்று, ஆளுயரக் கோரைகளுக்கடியில் நீர் தேங்கிய அகைம்போச் சதுப்பு. நீரும் புல்லும் தாங்கிக்கொண்டமையால் விமானம் உடையவில்லை. அதிலிருந்த ஒன்பதின்மரும் உயிர் பிழைத்தனர்.

அவர்கள் கரையேறிய கதை பின்னெழுந்த உரிமைப் பூசலில் அடிக்கடி மறக்கப்பட்டது. வாள்போல் அறுக்கும் புல்லினூடே இடுப்பளவும் மார்பளவும் நீரில் நடந்து களைத்தவர்களை உள்ளூர் மக்கள் கண்டு, உணவளித்து, தோணியேற்றிக் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தனர். மலேரியாவால் தாக்குண்டு, ஐந்து வாரங்களுக்கும் மேலாக அலைந்து, ஏப்ரல் தொடக்கத்தில் அவர்கள் போர்ட் மோர்ஸ்பியை அடைந்து மீண்டும் போர்ப்பணியிற் சேர்ந்தனர். விமானத்தின் மீது எவர்க்கு உரிமை என்று வழக்காடிய காலத்தில், அம்மக்களின் வழிவந்தோர் அவ்வழக்கில் முதல் தரப்பினராக அழைக்கப்படவில்லை.

1972இல் ஆஸ்திரேலிய வான்படை ஹெலிகாப்டர் ஒன்றின் குழுவினர் அவ்விமானத்தை மீண்டும் கண்டனர். முப்பதாண்டுகள் கழிந்தும் இயந்திரத் துப்பாக்கிகள் அவற்றின் இடங்களிலேயே இருந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் அது ‘சதுப்புநிலப் பேய்’ எனப் பொருள்படும் ‘ஸ்வாம்ப் கோஸ்ட்’ என்னும் பெயரைப் பெற்றது. பெயர் பரவியதும் நாடி வந்தோர் பெருகினர். வந்தோர் வெறுங்கையோடு திரும்பவில்லை. கருவிகளும் சிறு பகுதிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. முப்பதாண்டுத் தனிமையில் இழக்காததை அவ்விமானம் அடுத்த முப்பதாண்டுப் புகழில் இழந்தது. கிடந்த இடத்திலேயே விட்டுவைப்பதே சிறந்த பேணுதல் என வாதிடுவோர் இச்செய்தியை எதிர்கொண்டே ஆகவேண்டும்.

ஒரே பொருளுக்கு நான்கு சட்டங்கள்

வீழ்ந்த படை விமானம் யாருடையது? இவ்வினாவுக்கு நாட்டுக்கு நாடு, ஏன் ஒரே நாட்டின் படைக்குப் படை, விடை மாறுகிறது. அமெரிக்கக் கடற்படை தன் விமானம் எதனையும் எக்காலத்தும் கைவிட்டதாகக் கருதுவதில்லை. 2004இல் இயற்றப்பட்ட மூழ்கிய படைக்கலச் சட்டம் இந்நிலைப்பாட்டுக்கு வலுவூட்டியது. அமெரிக்க வான்படையோ வேறு வகையில் நடந்துகொண்டது. 1961 நவம்பர் 19 அன்று நிகழ்ந்த தீவிபத்தில் உரிய ஆவணங்கள் அழிந்தமையால், அந்நாளுக்கு முன் வீழ்ந்த விமானங்களைக் கைவிடப்பட்டவையாக அது கருதுகிறது. ஓர் ஆவணக் காப்பகம் எரிந்தமையால் உலகெங்கும் கிடந்த விமானங்களின் உரிமை நிலை மாறியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. பிரித்தானியா 1986இல் இயற்றிய படை எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம், பணியில் வீழ்ந்த படை விமானங்களைத் தாமாகவே பாதுகாக்கப்பட்ட இடங்களாக்குகிறது. ஆயினும் அயல்நாட்டு நிலப்பரப்பில் அதற்கு ஆட்சியில்லை.

ஈட்டனின் விமானம் தரைப்படையின் வான்பிரிவைச் சார்ந்தது. ஆகவே அமெரிக்கத் தரப்பிலிருந்து உரிமைக்கோரிக்கை எழவில்லை. எஞ்சியது பப்புவா நியூ கினியின் சட்டம். ஆஸ்திரேலிய ஆட்சிக்காலத்தில், 1952இல் இயற்றப்பட்ட போர் எச்சப் பொருட்கள் சட்டம் அத்தகு பொருள்களை அரசுடைமையாக்கியது. 1965இல் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975 செப்டம்பர் 16 அன்று விடுதலை பெற்ற நாடு இவ்விரண்டையும் மரபுரிமையாகப் பெற்றது. இவ்விரு சட்டங்களின் நோக்கங்கள் ஒன்றல்ல. முன்னது கழிவைக் கணக்கில் கொணர்ந்து அகற்றுவதற்கு எழுதப்பட்டது. பின்னது பண்பாட்டுப் பொருளை நாட்டிற்குள் நிறுத்துவதற்கு எழுதப்பட்டது. ஒரே விமானத்தை முன்னதன் கண்கொண்டு நோக்கின் அது விற்கத்தக்க எச்சம். பின்னதன் கண்கொண்டு நோக்கின் விற்கத்தகாத சொத்து. இரண்டையும் செயற்படுத்தும் பொறுப்பு தேசிய அருங்காட்சியகத்திடமே இருந்தமை சிக்கலின் வேர் எனலாம். காவலரையே விற்பனை முகவராகவும் அமர்த்திய ஏற்பாடு அது.

இவற்றுக்கும் மேலாக வழக்காற்று உரிமை உண்டு. அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 97 விழுக்காடு குலங்களின் வழக்காற்று உடைமையாகும். நிலத்தின் மீது கிடக்கும் பொருள் அரசுடையது எனச் சட்டம் கூறலாம். அதனை அடையும் வழியும், அதனைச் சூழ்ந்த நீரும் புல்லும் குலத்தினுடையவை. பூகன்வில் தீவில் 1943 ஏப்ரல் 18 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் விமானச் சிதைவு இன்றும் காட்டிலேயே உள்ளது; ஆயினும் அங்குச் செல்லும் பாதை யாருடையது என்ற பூசலால் வருகையாளர்க்குக் காட்டு வழி பலமுறை அடைபட்டிருக்கிறது. அவ்விமானத்தின் சிறகுப் பகுதியோ ஜப்பானின் நகவோகா நகரில் தளபதியின் நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளது. உடலின் ஒரு பகுதி ஈண்டும் மற்றொரு பகுதி ஆண்டுமாக ஒரு விமானம் இரு நினைவுகளுக்குப் பணிசெய்கிறது.

விற்பனையும் விசாரணையும்

1980களிலிருந்தே அமெரிக்க அருங்காட்சியகங்களும் தனியார் சேகரிப்பாளர்களும் அகைம்போ விமானத்தின்மீது நாட்டங்கொண்டிருந்தனர். பி-17இ வகையில் கட்டப்பட்டவை 512. அவற்றுள் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கன. எதிரி நிலத்தின்மேற் போரிட்ட அடையாளத்தோடு, பிற்காலப் புதுப்பித்தல் படியாமல் இருந்தது என்பதும் அதன் மதிப்பை உயர்த்தியது. இறுதியில் அதனை மீட்க முன்வந்தவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த கட்டடத் தொழிலதிபர் ஆல்பிரட் ஹேகன். இவரை வெறும் வணிகராகச் சித்திரித்தல் பொருந்தாது. நியூ கினிப் போர்முனையில் காணாமற்போன தம் உறவினரான விமானப்படை அலுவலர் ஒருவரின் சிதைவைத் தேடியே இவர் அந்நாட்டிற்கு முதலில் வந்தார். அத்தேடலில் வேறு பல சிதைவுகளையும் கண்டு, காணாமற்போன வீரர்களின் எச்சங்கள் அடையாளங்காணப்படுவதற்கும் துணைபுரிந்தார். அதே வேளையில், அரிய விமானம் ஒன்றை உடைமையாக்கிக் கொள்வதும் இவரது நோக்கமாயிருந்தது. இருநோக்கமும் ஒருவரிடத்தே இணைந்திருத்தல் இத்துறையில் பெருவழக்கு.

அருங்காட்சியகத்திற்கு ஒரு லட்சம் அமெரிக்க டாலர் செலுத்தும் ஏற்பாட்டின்மேல் 2005இல் ஏற்றுமதி உரிமம் வழங்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் மீட்புக் குழு சதுப்பிலேயே பல வாரங்கள் தங்கி, சிறகுகள், இயந்திரங்கள், வாற்பகுதி, உடற்பகுதி என விமானத்தைப் பிரித்து, ரஷ்யத் தயாரிப்பு ஹெலிகாப்டரால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகிலேற்றி லே துறைமுகத்திற்குக் கொண்டு சென்றது. நிலவுடைமைக் குலத்தாருள் ஒரு சாரார் இசைந்திருந்தனர். மறுசாரார் இது தம் பகுதிக்குரிய செல்வம் என்றும், பயணிகளை ஈர்க்க வல்லது என்றும் கூறி எதிர்த்தனர். செய்தி தலைநகரை எட்டியதும் கிளர்ச்சி பெரிதாயிற்று. கப்பலேற வேண்டிய விமானம் துறைமுகத்திலேயே நிறுத்தப்பட்டது.

நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அருங்காட்சியகத்தின் போர் எச்சப் பொருள் விற்பனை குறித்து விசாரித்தது. குழு இவ்விற்பனையைக் கடுமையாகக் கண்டித்து, விமானம் நாட்டைவிட்டுச் செல்லலாகாது என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. ஒரு விமானத்தின் விலை போதுமா என்பதைக் காட்டிலும், அரசுடைமைப் பொருள் ஒன்றனை விற்கும் அதிகாரம் யாருக்குண்டு, பெற்ற பணம் எக்கணக்கிற் சேர்ந்தது, இசைவு வழங்கியோர் எந்நெறியைப் பின்பற்றினர் என்பனவே குழுவின் முன் நின்ற வினாக்கள். மேலைநாட்டு விமான ஆர்வலர் ஏடுகள் பல இவ்விசாரணையை, காப்பாற்ற வக்கற்ற நாடொன்றின் தடையாகவே எழுதின. அது நேர்மையான வாசிப்பன்று. கணக்குக் கேட்டது தன் கடமையைச் செய்த நாடாளுமன்றம். அக்கேள்விகள் எந்நாட்டு அருங்காட்சியகத்திடமும் கேட்கத்தக்கவை.

எனினும் விசாரணைக்குப் பின் நடந்ததை நோக்கும்போது எதிர்ப்பாளர் தரப்பின் குறையும் புலப்படும். துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட விமானம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தது. அதனை நாட்டிற்குள் எங்கு வைப்பது, யார் செலவில் பேணுவது என்பதற்கு நடைமுறைக்கு உகந்த மாற்றுத் திட்டம் உருப்பெறவில்லை. 31 மீட்டருக்கும் மேலான சிறகு விரிவுடைய விமானத்தைக் கூரையின்கீழ் நிறுத்தும் வசதி எளிதன்று. 2010இல் அரசு இசைவளித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் விமானம் கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் வரவேற்கப்பட்டது. 2013 ஏப்ரலில் ஹவாயில் போர்டு தீவிலுள்ள பசிபிக் வான்வழி அருங்காட்சியகத்தை அடைந்தது. 1941 டிசம்பரில் எத்தீவுக் கூட்டத்தைக் காவல்காத்ததோ அதே இடத்திற்கு எழுபத்தோராண்டு கழித்துத் திரும்பியது.

வேறொரு வழி இருந்ததா? இருந்தது, அதே நாட்டிலேயே முன்பு பின்பற்றப்பட்டும் இருந்தது. 1980களில் ஆஸ்திரேலிய வான்படை நியூ கினியிலிருந்து பாஸ்டன் வகை விமானச் சிதைவுகளை எடுத்துச் சென்றபோது, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றொன்றைப் புதுப்பித்துத் திருப்பித் தருவது என்ற உடன்பாடு செய்துகொண்டது. 1990களில் அவ்வாறே ஒரு விமானம் போர்ட் மோர்ஸ்பிக்குத் திரும்பியது. பணம் பெற்றுப் பொருளை இழப்பதற்கும், பொருளை நிறுத்தி அழியவிடுவதற்கும் இடையே இது மூன்றாவது நெறி. அகைம்போ விமானத்தில் இந்நெறி பின்பற்றப்படாமைக்கு, அது ஒன்றே ஒன்றாக இருந்தமையும், எதிர்த்தரப்பு அரசாக இல்லாமல் தனியாராக இருந்தமையும் காரணங்கள் எனக் கருதலாம். அரசோடு அரசு பேசும்போது திருப்பித் தரும் கடப்பாட்டை எழுத இடமுண்டு; தனி மனிதரோடு பேசும்போது விலையே எஞ்சுகிறது.

மீட்டபின் செய்வது

மீட்பு என்னும் சொல்லின்கீழ் ஒன்றோடொன்று முரண்படும் செயல்கள் அடங்கியுள்ளன. கிரீன்லாந்தில் 1942 ஜூலையில் இறங்கிய பி-38 விமானங்களுள் ஒன்று, 1992இல் ஏறத்தாழ 80 மீட்டர் பனிக்கடியிலிருந்து துண்டு துண்டாக எடுக்கப்பட்டு, பத்தாண்டு உழைப்பிற்குப் பின் 2002 அக்டோபரில் வானிற் பறந்தது. பொதுமக்கள் வியந்தனர். பறப்பதற்குரிய வலிமை தேவைப்படும்போது நைந்த பழைய தகடும் குழாயும் மாற்றப்பட்டாக வேண்டும். பறக்கும் விமானம் எந்த அளவுக்குப் பழையது என்ற வினா எழாமலிராது. அகைம்போ விமானத்தை ஹவாய் அருங்காட்சியகம் பறக்கவைக்கவோ பளபளப்பாக்கவோ முற்படாமல், அதன் வடுக்களோடு நிறுத்தியது. எவர் உடைமை என்பதில் எத்துணைக் குறை காணப்படினும் இம்முடிவு பாராட்டத்தக்கது.

நீரிலிருந்து எடுப்பவற்றின் நிலை இன்னும் கடினம். கடல்நீரில் ஊறிய அலுமினியக் கலவை காற்றுப் பட்டதும் விரைந்து அரிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் குட்வின் மணற்றிட்டில் கிடந்த ஜெர்மானிய டோர்னியர் 17 விமானம் 2013 ஜூன் 10 அன்று தூக்கப்பட்டது. தூக்குவதற்குச் சில வாரங்கள் போதுமாயின. காஸ்போர்டில் சிட்ரிக் அமிலக் கலவையைத் தெளித்து உப்பை நீக்குவதற்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. மீட்பின் புகைப்படம் ஒரு நாளில் உலகெங்கும் பரவும். பேணுதலின் செலவு பல ஆண்டு வரவு செலவில் தொடரும். ஏற்றுமதி உரிமம் வழங்கும் அரசுகள் பெரும்பாலும் முன்னதையே கண்டு முடிவெடுக்கின்றன.

பின்லாந்தின் புரூஸ்டர் விமானம் இவ்வகையில் அமைதியான முடிவு பெற்ற எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் கட்டப்பட்டு, பனிக்காலப் போரின்போது பின்லாந்துக்கு விற்கப்பட்ட 44 விமானங்களுள் ஒன்றான பிடபிள்யூ 372, 1942 ஜூன் 25 அன்று சோவியத் விமானங்களுடன் நிகழ்ந்த மோதலில் தாக்குண்டு கரேலியாவில் ஏரியொன்றில் இறங்கி மூழ்கியது. விமானி லவுரி பெகுரி நீந்திக் கரையேறி, காட்டு வழியே நடந்து தம் படையை அடைந்தார். 1998இல் ரஷ்ய எல்லைக்குள் இருந்த அவ்வேரியிலிருந்து அது எடுக்கப்பட்டது. பின்னர் அமெரிக்கக் கடற்படை அருங்காட்சியகத்தின் உடைமையாகி பென்சகோலாவை அடைந்தது. 2008இல் கடன்முறையில் பின்லாந்தின் டிக்ககோஸ்கி அருங்காட்சியகத்திற்கு வந்தது. கட்டிய நாடு ஒன்று, ஓட்டிய நாடு மற்றொன்று, கிடந்த நாடு வேறொன்று. சட்டப்படி உடைமை அமெரிக்காவிடம். பொருள் அதனை நினைவுகூரும் மக்களிடம். உடைமையையும் இருப்பிடத்தையும் பிரித்துவிட்டால் பூசலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பதற்கு இது சான்று.

இந்தியச் சூழலிலும் இவ்வினா இல்லாமலில்லை. அசாமிலிருந்து சீனத்திற்கு இமயத்தின் கிழக்குச் சரிவைக் கடந்து பறந்த நேசநாட்டு விமானங்கள் பல அருணாசலப் பிரதேச மலைகளில் வீழ்ந்தன. அங்கு முதன்மையாக நாடப்படுவது உலோகமன்று, உடல்களே. இரண்டாம் உலகப் போரில் காணாமற்போன அமெரிக்கர் ஏறத்தாழ 72,000 பேர் இன்றும் கணக்கில் உள்ளனர். 2016இல் அருணாசலத்திலிருந்து எடுக்கப்பட்ட எச்சங்கள் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டன; 2023 நவம்பரில் பாசிகாட்டில் இவ்வான்வழிக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சிதைவுகளின் பகுதிகள் அவை கிடந்த மாநிலத்திலேயே காட்சிப்படுத்தப்படுவது, அகைம்போவில் நிகழாத ஒன்று.

பாலைவனத்துக் கிட்டிஹாக்

அகைம்போவில் ஒன்பதின்மரும் பிழைத்தமையால் பூசல் உலோகத்தைப் பற்றியதாகவே இருக்க முடிந்தது. எகிப்தில் அவ்வாறன்று. 1942 ஜூன் 28 அன்று, பழுதுற்ற கிட்டிஹாக் விமானமொன்றைச் செப்பனிடும் பொருட்டு வேறொரு தளத்திற்கு ஓட்டிச் சென்ற பிரித்தானிய வான்படையின் 260ஆம் பிரிவைச் சேர்ந்த டென்னிஸ் காப்பிங் திசை தவறி மறைந்தார். அவருக்கு வயது 24. எழுபதாண்டுகள் கழித்து, 2012இல், எண்ணெய் நிறுவனப் பணியாளர் ஒருவர் மேற்குப் பாலைவனத்தில் அவ்விமானத்தைக் கண்டார். மணலில் வயிறு உராய இறங்கிய விமானம் பெரும்பாலும் முழுமையாக இருந்தது. வறண்ட காற்று வண்ணப்பூச்சைக்கூடக் காத்திருந்தது. அருகில் வான்குடை விரிக்கப்பட்டிருந்தது. இறங்கியபோது விமானி உயிருடனிருந்தார், நிழலுக்காக அதனை விரித்தார், பின்னர் நீரைத் தேடி நடந்தார் எனக் கொள்வதற்கு அது இடமளித்தது. ஆர்வலர் சிலர் இக்கண்டுபிடிப்பைத் துட்டன்காமுன் கல்லறையோடு ஒப்பிட்டனர். ஒப்புமை அவர்கள் எண்ணாத வகையிலும் பொருந்தியது: அதுவும் இறந்தவர் ஒருவரின் இடமே.

சில கிலோமீட்டர் தொலைவில் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அவை காப்பிங்குடையவை என உறுதிப்படவில்லை; பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சகமும் அவ்வாறு ஏற்கவில்லை. ஆயின் விமானத்தை மீட்கும் பணி அதற்காகக் காத்திருக்கவில்லை. எகிப்தியப் படையினர் துப்பாக்கிகளையும் வெடிபொருளையும் அகற்றினர். பிரித்தானிய வான்படை அருங்காட்சியகம் தனியார் நிறுவனமொன்றோடு உடன்பாடு செய்து, மீட்புக் கூலியாகத் தன் சேகரிப்பிலிருந்த ஸ்பிட்பயர் விமானமொன்றைக் கொடுத்தது. அரும்பொருள் ஒன்றைக் கொடுத்து மற்றோர் அரும்பொருளைப் பெற முயன்ற இவ்வுடன்பாடு பிரித்தானியாவிலேயே வன்மையாகக் கண்டிக்கப்பட்டது. அருங்காட்சியகச் சேகரிப்பு நாணயமாகலாமா என்று கேட்கப்பட்டது. கண்டனம் மேலும் கூர்மையடைந்தது, கொடுத்த பொருள் போனபின்னரும் பெறவேண்டிய பொருள் வந்துசேராமையால்தான். 2011க்குப் பிந்தைய எகிப்தின் அரசியற் கொந்தளிப்பில் ஏற்றுமதி இசைவு கிட்டவில்லை. விமானம் எல் அலமைனில் பெட்டகத்தில் அடைபட்டுக் கிடந்தது.

எகிப்தின் நிலையைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. அந்நாட்டின் 1983ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் பொதுவாக நூறாண்டுப் பழமையை அடிப்படையாகக் கொண்டது; 1942ஆம் ஆண்டு விமானம் அதனுள் அடங்காது. யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு நீரடிப் பண்பாட்டு மரபு உடன்படிக்கையும் நீரில் நூறாண்டு கிடந்தவற்றையே காக்கிறது. ஆக, தொல்பொருளுமன்று, கைவிடப்பட்ட கழிவுமன்று என்னும் இடைவெளியில் அவ்விமானம் நின்றது. அதனை விடாமல் வைத்திருக்கச் சட்டத்தினும் வரலாறே எகிப்துக்குக் காரணம் தந்தது. எல் அலமைன் போர் எகிப்திய மண்ணில் நடந்தது. எகிப்தியரைக் கேளாமல் நடந்தது. அதன் வெடிபொருள்கள் பல்லாண்டுகள் அப்பாலையில் உயிர்களைக் குடித்தன. கண்ணிவெடிகளை விட்டுச்சென்றோர் விமானத்தை மட்டும் திருப்பிக் கேட்டனர் என்று எகிப்தியர் ஒருவர் எண்ணின் அதற்கு விடை கூறுதல் கடினம்.

ஆயினும் வைத்திருக்கும் உரிமையும் பேணும் ஆற்றலும் ஒன்றல்ல. பின்னர் எல் அலமைன் படைத்துறை அருங்காட்சியகத்தில் அவ்விமானம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, எழுபதாண்டு மணலும் வெயிலும் அழிக்காத மேற்பரப்பு புதுத் தகட்டாலும் புது வண்ணத்தாலும் மூடப்பட்டிருந்தது. புதுப்பித்தோர் அதனைச் சிறப்பிக்கவே முனைந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. எனினும் ஆய்வாளர் நோக்கில், அவ்விமானத்தின் இறுதி நாளைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே சாட்சி அம்மேற்பரப்பே. பிரித்தானியாவிற்குச் சென்றிருப்பின் அது காக்கப்பட்டிருக்கலாம். சென்றிருப்பின் எகிப்து எதனைப் பெற்றிருக்கும் என்பதற்கு உடன்பாட்டில் இடமில்லை. கடன்முறை, கூட்டுப் பேணுதல், வல்லுநரை அனுப்புதல் முதலிய வழிகள் இருதரப்பாலும் முயலப்பட்டு முற்றுப்பெறவில்லை. 2042இல், இங்கு முதன்மையாகக் கூறப்பட்ட விமானங்கள் நூறாண்டை எட்டும்போது, சட்டங்கள் சிலவற்றின் பாதுகாப்பு வளையத்துக்குள் அவற்றுள் சில நுழையக்கூடும். அதற்குள் வண்ணம் பூசப்பட்டவை பூசப்பட்டவையே.

எல் அலமைனில் பொதுநலவாயப் போர்க் கல்லறையின் நுழைவில் நினைவுச் சுவர் ஒன்று உள்ளது. அடக்க இடம் அறியப்படாத வான்படையினர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. காப்பிங்கின் பெயரும் அவற்றுள் ஒன்று. அதே ஊரில், படைத்துறை அருங்காட்சியகத்தில், புது வண்ணத்தோடு அவருடைய விமானம் நிற்கிறது.